ஆறு ஒலியில் ஓர் எழுத்து

எண்பதுகளின் பிற்பகுதியில் கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று மேனேஜர் சட்டம் போட்டார். சுக்குத் தூசி பட்டால் மெஷின் செத்துவிடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அதைக் கற்றுக்கொள்ள என்னை எறணாகுளத்துக்கு மூன்று மாத வகுப்புக்கு அனுப்பினார்கள். தினமும் காயலைக் கடந்து போட்டில் போய்வந்தேன். கையால் தொட முடிந்தது ஹார்டுவேர், தொட முடியாதது சாஃப்ட்வேர் என்று முதல் நாளே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கண்ணாடி அறைக்கு வெளியே டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். எங்கள் வீட்டாரைப் போலவே பாலக்காட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் டைப்ரைட்டிங் படித்தவர். எங்களோடு வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோருடைய நம்பரும் அவருக்கு மனப்பாடம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உள்ளே என்னவோ கரகரங்கறதே, என்னதுடீ அது?"

"பிளாப்பியைப் படிக்கறது அக்கா."

"சத்தம் போட்டுண்டா படிக்கும்?"

கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். பெட்டியின் பின்பக்கம் சூடான காற்று வரும் இடம், பிளாப்பி நுழையும் வாய் எல்லாவற்றையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். திரையில் விரலை வைத்ததும் கண்ணாடியில் ஏறியிருந்த மின்சாரம் படபடவென்று பொரிந்தது. கையை எடுக்கவில்லை. எழுத்து எங்கே என்று கேட்டார். விரலுக்கு அடியில்தான் இருக்கிறது என்றேன்.

"வெறும் கண்ணாடியாக்கும் இது," என்றார்.

என் நோட்டில் இருந்த விளக்கத்தைச் சொன்னேன். "அப்போ நேக்கு எழுத்தும் சாஃப்ட்வேர்தான்," என்றார். பிறகு கீபோர்டில் விரல்களை வைத்தவர், எஃப்பிலும் ஜேயிலும் மட்டும் சின்ன மேடு இருக்கிறதே, அதை யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். மூன்று மாதம் அந்தக் கட்டைகளைத் தட்டியிருக்கிறேன். அந்த மேடுகள் என் கண்ணிலும் படவில்லை, விரலிலும் படவில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் முழுக்க எங்களுக்கு இதே வேலையானது. அவர் வேகமாகவே அடித்தார். ஆனால் டைப்ரைட்டரில் வரி முடியும்போது மணி அடிக்கும். இதில் எதுவும் தெரியவில்லை. கேப்ஸ் லாக் விழுந்தது தெரியாமல் ஒரு பக்கம் முழுவதும் பெரிய எழுத்தில் அடித்துவிட்டார். மெஷினுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. வகுப்பில் படித்த பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அதை ஒலிக்கவைக்கும் கட்டளை எனக்குத் தெரியும். சின்ன எழுத்துக்கு ஓர் ஒலி, பெரிய எழுத்துக்குக் கொஞ்சம் கூர்மையாக ஒன்று, வரி முடிவுக்கு நீளமாக ஒன்று என்று புரோகிராம் எழுதினேன். முதல் நாள் அவர் வேகத்துக்கு மெஷின் ஈடுகொடுக்கவில்லை. ஒலித்து முடிப்பதற்குள் எழுத்துகளைத் தவறவிட்டது. ஒலியின் நீளத்தைக் குறைக்கக் குறைக்கச் சரியானது.

அவருக்கு அது போதவில்லை. "அடிச்சது கேக்கறது, சரி. அதுல இருக்கறதை நான் எப்படி வாசிக்கறது?"

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆறு இடம் உண்டு. புள்ளி இருக்கும் இடத்துக்குக் கூர்மையான ஒலி, இல்லாத இடத்துக்குத் தாழ்ந்த ஒலி. ஆறு ஒலி கேட்டால் ஓர் எழுத்து. எந்த எழுத்துக்கு எந்தெந்தப் புள்ளி என்று அவர் சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்து இருபத்தாறையும் புரோகிராமில் ஏற்றினேன்.

முதல் சோதனைக்கு, அவரிடம் சொல்லாமல் ஆங்கில எழுத்தில் ஒரு வார்த்தை அடித்தேன். மெஷின் பீப் பீப்பென்று கத்தியது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும் "சாயா," என்றார். "குடிக்கப் போலாம்னு சொல்றயா?"

திரும்பிப் பார்த்தால் மேனேஜர் வெறுங்காலோடு வாசலில் நிற்கிறார். மெஷினுக்கு என்ன நோய் என்று மலையாளத்தில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தானே குனிந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு வார்த்தை அடித்தார்.

அக்கா கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "குருமுளகுன்னு, நம்ம மிளகைத்தான், அடிக்கப் பாத்திருக்கார். ஆனா எல் வரவேண்டிய எடத்துல கே விழுந்திருக்கு," என்றார்.

நான் அதை மலையாளத்தில் சொல்வதற்குள் மேனேஜரே திரையில் பிழையைப் பார்த்துவிட்டார். விறுவிறுவென்று வெளியே போனார். இனி அக்காவை அந்த அறைக்குள் விடமாட்டார் என்று பயந்தேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, டெலிபோன் போர்டைக் கண்ணாடி அறைக்குள் மாற்றினார். அதுவரை போனில் வரும் ஆர்டர்களை அக்கா மனதில் வைத்துக்கொண்டு கிளார்க்கிடம் ஒப்பிப்பார். அதற்கப்புறம், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தானே அடித்தார்.

பெரிய கடிதங்களை மட்டும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. ஒரு வரியைப் பீப் ஒலியில் கேட்டு முடிக்க அவ்வளவு நேரம் பிடித்தது. அந்தத் தாமதம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வரிக்கு வரி எண் போட்டிருந்த புரோகிராமை என்னை வாசிக்கச் சொன்னார். டெலிபோன் நம்பர்களைப் போலவே அதையும் மனதில் ஏற்றிக்கொண்டார். ஒரு நாள் காலையில் வந்ததும் வராததுமாக, தாழ்ந்த ஒலி எதற்கு, அந்த இடத்தில் ஒலியில் பாதி நேரம்கூட ஆகாத ஒரு சின்ன மௌனம் விட்டால் போதாதா, வரி சீக்கிரம் முடியுமே என்றார். எந்த வரியை மாற்றவேண்டும் என்பதையும் அதன் எண்ணோடு சொன்னார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவரே உட்கார்ந்து அந்த வரியை அடித்தார்.