கேள்விக்காகக் காத்து நின்றவர்

தொண்ணூறுகளில் நியூசிலாந்தின் ஒனிஹங்காவில், இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த டீச்சர் ஒரு யூதப் பெண். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். பாடம் முடிந்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு, யாராவது கேள்வி கேட்கட்டும் என்று காத்து நிற்பார். நாங்கள் கேட்கமாட்டோம். ஊரில் ஆமி மறித்து விசாரிக்கும் சென்றிகளில் பதில் மட்டும் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள்.

ஒருநாள் அவர் யூதர்களின் பாஸ்கா பண்டிகையைப் பற்றிச் சொன்னார். அடிமைகளாக இருந்த முன்னோர் தப்பி வந்ததை நினைக்கும் இரவு அது. வீட்டில் ஆக இளையவர் கேள்வி கேட்டால்தான் மூத்தவர்கள் அந்தக் கதையைத் தொடங்குவார்களாம்.

“அதனால்தான் உங்கள் முன்னாலும் இப்படி நிற்கிறேன்,” என்றார்.

வகுப்பில் பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர் என் முழங்கையைத் தட்டினார். “தம்பி, இவவின்ர வீட்டில ஆர் கேக்கிறதெண்டு கேள்.”

கேட்டேன். ஆங்கிலத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். வசனம் சரி என்று டீச்சர் தலையாட்டினார்.

“ஆக இளையவள் நான்தான். ஹிட்லரின் யுத்தத்தில் தப்பியதும் நான் மட்டும்தான். அதனால் நானே கேட்டு, நானே பதில் சொல்கிறேன்.”

பிறகு வழக்கம்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்குமளவுக்கு எங்களுக்கு ஆங்கிலம் தெரியும். யாரும் கேட்கவில்லை. அந்தப் பதில் எங்கள் வீடுகளிலும் இருந்தது.