ஏரிக்கரையில் கொளுத்திய பறைகள்

1992-ல் எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு, திருவண்ணாமலையில் வேலைவெட்டி இல்லாமல் திரிந்துகொண்டிருந்தேன். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. இங்கிலீஷ் தெரியும் என்ற திமிரோடு போய்ச் சேர்ந்தேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம், ஒரு கிராமத்தின் காலனிக்குப் போனோம். சாவுக்குப் பறையடிப்பதை அங்கே ஏன் விட்டுவிட்டார்கள் என்பது அவர் கேள்வி. வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் தலை நிமிராமலே சொன்னார்.

"எழவுக்கு லேட்டா வந்தான்னு எங்க வூட்டுக்காரர அத்தன பேர் முன்னாடி செருப்பால அடிச்சாங்க. அன்னிக்கே எல்லாப் பறையையும் ஏரிக்கரைல போட்டுக் கொளுத்திட்டோம். இனிமே அடிக்க மாட்டோம்னு சொல்லிட்டோம்."

அடித்தவர்கள் என் சாதிக்காரர்கள். அதை வெளிநாட்டுக்காரரிடம் சொல்ல நாக்கு கூசியது. பரீட்சைக்கு உருப்போட்ட கோட்பாடு ஒன்று கைவசம் இருந்தது: கீழே இருப்பவர்கள் அந்தஸ்து வேண்டி, மேலே இருப்பவர்களைப் போல நடந்துகொள்வார்கள் என்று. மேல்சாதியைப் போல ஆகத்தான் பறையைக் கொளுத்தினார்களாம் என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டேன். அவரும் அதே கோட்பாட்டைப் படித்தவர்தானே! ஒரே சந்தோஷம். மளமளவென்று எழுதிக்கொண்டார்.

பத்து வருடம் கழிந்தது. திருவண்ணாமலையிலேயே அஞ்சல்வழிக் கல்வி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தமிழில் அச்சடித்த பாடப் புத்தகத்தில், அந்தக் கோட்பாட்டுக்கு உதாரணமாக ஏரிக்கரையில் பறைகளைக் கொளுத்திய கிராமம் வந்திருந்தது. அவர் எழுதிய இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து யாரோ தமிழாக்கியிருந்தார்கள். நான் சொன்ன பொய் கடல் தாண்டிப் போய், அடிக்குறிப்போடு ஊர் திரும்பியிருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், இது எங்க ஊருங்க. எங்கப்பாவ செருப்பால அடிச்சாங்க, அதனாலதான் கொளுத்துனாங்க. எங்கம்மா சொல்லியிருக்காங்க. யாரு மாதிரியும் ஆவறதுக்கு இல்லீங்க."

வகுப்பே என்னைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல இரண்டாவது வாய்ப்பு; எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"அப்போ பரீட்சைல எத சார் எழுதறது?" என்றாள்.

"புக்குல இருக்கறத எழுதும்மா. அதுக்குத்தான் மார்க்கு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

இன்றைக்கு எந்த நாட்டுக் கோட்பாட்டைப் படித்தாலும், நடுவில் நின்று என்னைப் போலப் பேச்சை மாற்றியவன் எவன் என்றுதான் மனசு தேடுகிறது. அந்த மாணவியைத் தேடிப் போய், அது நான்தான் என்று சொல்லும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.