எந்தப் பக்கத்தில் மாறினார்?

நாற்பதாம் பக்கத்தையும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையும் மேசையில் அடுத்தடுத்து விரித்துவைத்து முறைத்துக்கொண்டிருக்கிறார் அவர். நாற்பதில் நாயைக் கண்டாலே தொடைநடுங்கும் ஆசாமி, இருநூற்றுப் பன்னிரண்டில் வெறுங்கையோடு திருடனைத் துரத்துகிறான். காதில் செருகியிருந்த பென்சில் கீழே இறங்குகிறது. ஓரத்தில் எழுதுகிறார்: 'இவனுக்குத் தைரியம் எந்தப் பக்கத்தில் வந்தது?'

பதிப்பகத்தில் முப்பது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவர். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்திக் கொடுப்பதுதான் வேலை. இவரா அதோடு விடுவார்? நாவலில் வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுவார். வயது, மச்சம், குரல், குணம் எல்லாம் அதில் ஏறிவிடும். முன்கோபக்காரன் பசுவாகிவிட்டால், எந்தப் பக்கத்தில் ஆனான் என்று அட்டையில் எண் விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் எழுதியவர் பாடு திண்டாட்டம். அலுவலகத்தில் அவருக்கு 'எந்தப் பக்கம்' என்றே பட்டப்பெயர்.

"மனுஷன்னா மாறத்தான் செய்வான் சார். அதுக்கெல்லாமா சாட்சி கேப்பீங்க?" என்று ஒருமுறை ஓர் எழுத்தாளர் எகிறினார்.

"தாராளமா மாறட்டும். நான் என்ன கையப் பிடிச்சா இழுக்குறேன்? எங்க மாறினான்னு காட்டுங்க, நானும் பாத்துட்டுப் போறேன்."

எழுத்தாளர் முணுமுணுத்துக்கொண்டே போய் இரண்டு பக்கம் சேர்த்து எழுதிவந்தார். அந்த நாவலில் உருப்படியானதே அந்த இரண்டு பக்கம்தான் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். போதாதா! அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மேசையில் ரப்பர் வைத்துக்கொள்ள மாட்டார். "தப்பா எழுதிட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்று எதிர் மேசையில் பக்கங்களை வடிவமைக்கும் அம்மாள் கேட்டதற்கு, "கேட்ட கேள்வி கேட்டதுதாம்மா" என்றார்.

இந்த 'எந்தப் பக்கம்' கேள்வியை வீட்டிலும் கேட்டுத் தொலைத்தார் என்பதுதான் கொடுமை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை மகளைத் தனியாளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். 'அவர் தங்கமானவர் அப்பா' என்று மகள் முதல் கடிதம் எழுதினாள். ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தில், 'அடிக்கிறார் அப்பா, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்' என்று இருந்தது. பெற்றவனுக்கு வயிறு பற்றி எரிய வேண்டாமா? செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டாமா? இவர் பென்சிலை எடுத்தார். 'முன் கடிதத்துக்கு முரண். தங்கமானவர் எப்போது மாறினார்?' என்று அந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதி, அதையே அவளுக்குத் திருப்பி அனுப்பிவைத்தார். விவரமாகப் பதில் வரும், வந்ததும் கிளம்பிவிடலாம் என்று சத்தியமாக நினைத்தார். பதில் வரவில்லை. மகள் தானாகவே அந்த வீட்டைவிட்டு வெளியேறி, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள் என்பதை யார் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார். ஆயிற்று, ஒன்பது வருடம்.

போன மாதம் முதலாளி ஒரு நாவலின் மெய்ப்பைக் கொண்டுவந்து வைத்தார். "உங்க பொண்ணு எழுதினது. நீங்கதான் பாக்கணுமாம். நீங்க என்ன குறிச்சாலும் அப்படியே ஏத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க."

வழக்கப்படி அட்டை போட்டார். 'அப்பா. வயது ஐம்பத்தைந்து. காதில் பென்சில். மன்னிப்புக் கேட்டறியாதவர்.' யாருடைய அட்டை என்று தெரிந்தேதான் எழுதினார். கடிதம் வந்ததும் திரும்பிப் போனதும் நாவலில் நடந்தது நடந்தபடியே இருந்தன. முப்பத்தோராம் அத்தியாயத்தில் மட்டும் நடக்காத ஒன்று நடந்தது. அந்த அப்பா பஸ் ஏறி வந்து, மகளின் வாசலில் நின்று, "தப்புப் பண்ணிட்டேம்மா. வா, போலாம்" என்கிறார்.

மகள் கதவைத் திறந்துவைத்திருக்கிறாள் என்பது புரியாத மனிதரா? புரிந்தது. மூன்று தடவை படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஒரு போன் போட்டிருக்கலாம். பாழாய்ப்போன கை சும்மா இருந்தால்தானே! 'இவர் எந்தப் பக்கத்தில் மாறினார்?' என்று ஓரத்தில் எழுதினார். அவள் ஏதாவது பதில் எழுதுவாள், அந்தச் சாக்கில் பேச்சு வளரும் என்று ஒரு நப்பாசை.

இன்று காலை திருத்திய மெய்ப்பு வந்தது. அதில் முப்பத்தோராம் அத்தியாயம் இல்லை. நாவல் முப்பதோடு முடிந்துவிட்டது. கூடவே வந்த பழைய மெய்ப்பில் அந்த அத்தியாயத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு. அவருடைய கேள்விக்குக் கீழே மகள் பேனாவால் எழுதியிருந்தாள்: 'நீங்கள் கேட்டது சரிதான். நானும் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை.'

"சார், அச்சுக்கு அனுப்பிடவா?" என்றார் எதிர் மேசை அம்மாள்.

அவர் எழுந்து போய் அந்த அம்மாள் முன்னால் கையை நீட்டினார். "அந்த ரப்பரக் கொஞ்சம் குடுங்கம்மா."

திரும்பி வந்து உட்கார்ந்து, பழைய மெய்ப்பில் தன் கேள்வியை அழிக்க ஆரம்பித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. தாள் வெளுத்தது, இழை இழையாகப் பிரிந்தது.

"போயிடுச்சு சார், விடுங்க" என்றார் அம்மாள்.

தாள் கிழிந்து மேசைப் பலகை தெரிந்த பிறகும் அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.