மூன்றாவது கேட்

பள்ளியில் முதல் மணி அடித்ததும் வாட்ச்மேன் சின்னான் எண்ணெய்க் குப்பியோடு கேட்டின் கீலருகே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். ஒரு கதவு மூடியிருக்கும். மறு கதவைப் பாதி தள்ளி நிறுத்தியிருப்பார். குப்பியை அமுக்குவார். டொக், டொக். ஒரு சொட்டு விழாது. அதில் எண்ணெய் இருந்து யாரும் பார்த்ததில்லை. "சனியன், இன்னிக்கும் சிக்கிக்கிச்சுங்கோ" என்று மைதானத்துக்குக் கேட்கும்படி சொல்வார். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஜெபத்துக்குக் கண்களை மூடியிருப்பார்கள்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சர்ச் பாட்டு நான்கு தெரியும். நான்கையும் மாரியம்மன் நோம்பிக் கும்மி மெட்டில்தான் பாடுவார். நன்கொடை தரும் எக்ஸ்போர்ட் முதலாளிகளின் கார்கள் ஆரன் அடித்தால் பிடிக்காது. "கேட்டுக்குக் காது கேக்குமுங்க, மெதுவா அடிங்க" என்பார். நெருப்பெரிச்சல் ஊரில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் நின்றுபோனால் "மேடம்" என்று ஓடிவருகிறார்கள். சின்னானுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

பள்ளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதன் சரித்திரத்தைக் கேட்டுகளை வைத்தே சொல்வார். "மொதக் கேட்டு, முள்ளுப் படலுங்க. அப்ப இது பஞ்சுக் கிடங்கு. பாஸ்டரய்யா ஒம்பது புள்ளைங்கள மூட்டை மேல உக்கார வெச்சுப் பாடஞ் சொன்னாருங்க." வந்தவர் பாதிரியாராக இருந்தால் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஆகிவிடுவார்கள். "ரெண்டாவது, இந்த இரும்புக் கேட்டு. மூடிப்போன மில்லுல இருந்து மாட்டுவண்டில வந்துச்சு. வண்டி மேல நானும் வந்தனுங்க." அந்தக் கிடங்குதான் இன்றைய ஆறாம் வகுப்பு. காற்று பலமாக அடித்தால் உத்தரத்திலிருந்து இப்போதும் பஞ்சு உதிரும். அதன் பின்னால் சிற்றாலயம், வேப்பமரங்கள், முதலாளிகள் கட்டிக்கொடுத்த மூன்று மாடி. சுற்றுச்சுவருக்கு அப்பால் சாயத்தண்ணீர் ஓடை. இன்றைக்கு என்ன நிறத்தில் ஓடும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள்.

அம்மா அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. ஜெபம் முடிந்து 'ஆமென்' சொன்னதும் கேட்டை மூட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் திரும்பிப்போய்ப் பெற்றோரோடு வர வேண்டும் என்பது நிர்வாகத்தின் விதி. "இன்னைக்கும் கேட் சிக்கிக்கிச்சு" என்று அம்மா சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே சொல்வார். எங்கள் வீட்டில் அது தினசரிச் செய்தி. அம்மாவின் நீளமான ஜெபம் என்னுடைய பள்ளி நாட்களிலேயே பிரசித்தம். மழைக்கு, விளைச்சலுக்கு, நூல் விலைக்கு, ரயில்வே ஊழியர்களுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும்.

2006 மார்ச்சில் அம்மா இறந்தார். பெட்டியை ஒருமுறை பள்ளிக்குள் கொண்டுபோனோம். அன்று கேட்டின் இரண்டு கதவுகளும் சத்தமே இல்லாமல் திறந்தன. பார்த்தேன். யோசிக்கவில்லை.

அம்மா பெயரில் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். படம் வைக்கலாம், தண்ணீர்த் தொட்டி கட்டலாம் என்றார்கள். எனக்குக் கேட்தான் தோன்றியது. நானே வரைந்தேன். தரையில் தண்டவாளம், அடியில் சக்கரம், நல்ல பேரிங். ஒரு விரலால் தள்ளினால் போதும்.

அளவெடுக்கப் போன அன்று சின்னான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "எதுக்குங்க பாப்பா வீண் செலவு? பழசே நல்லாத்தானுங்க இருக்குது."

"சிக்குதேங்கண்ணா."

"சிக்குது... சிக்கீட்டுப் போவுது உடுங்க."

வயதானவர், மாற்றம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று கேட்டைப் பிரதிஷ்டை செய்தார்கள். சக்கரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க மறுநாள் காலை போனேன். புதிய தலைமையாசிரியர் அருள்குமார் சாரின் ஜெபம் நான்கே வாக்கியம். ஆமென். சின்னான் விரலை வைத்தார். கேட் வழுக்கிக்கொண்டு போய் மூடியது. துளி சத்தமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போது வேல்விழி ஓடிவந்தாள். பத்தாம் வகுப்பு; தேனிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஏஞ்சாமி, உங்க வளவுல கோழியே கூவாதா?" என்றார் சின்னான். கேலிதான், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"கோழியெல்லாம் கூவத்தான் செய்யுது தாத்தா. அம்மா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தாத்தான தம்பிய விட்டுட்டு வர முடியும்? திறங்க தாத்தா. இன்னொருக்க ஸ்கூல்ல கூப்பிட்டாங்கன்னா படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், என்கூடக் கம்பெனிக்குப் பனியன் கைமடிக்க வந்துருன்னு அம்மா சொல்லிருச்சு."

நான் போய் அருள்குமார் சாரிடம் பேசினேன். "மேடம், உங்கம்மா காலத்து விதிதானே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அன்று ஒரு நாள் மட்டும் உள்ளே விடச் சொன்னார்.

திரும்பி வந்தபோது சின்னான் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "அம்மா ஒரு கண்ணுல சாமி கும்புடுவாங்க பாப்பா. இன்னொரு கண்ணு கேட்டு மேல இருக்கும். ரோட்டுல புள்ள ஓடியாறது தெரிஞ்சா மழைக்கு ஜெபம் பண்ணுவாங்க. நான் எண்ணெய் உடுவேன். ஒரு நாளும் இதப் பத்தி நாங்க பேசிக்கிட்டதில்லீங்க."

குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். பிறகு தெரிந்ததைச் சொன்னேன். "பேரிங்கைக் கழட்டிட்டு வேற போட்டுடறேங்கண்ணா. இழுத்தாக்கூட நகராது."

"ஐயோ, வேண்டாமுங்க. அம்மா பேரு போட்டிருக்குது. அது சிக்குதுன்னு ஒருத்தரு சொல்லப்படாது."

அடுத்த வாரம் கம்பெனிக்குப் போகும் வழியில் வண்டியைச் சாலையின் எதிர்ப்புறம் நிறுத்தினேன். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஆமென் கேட்டது. கேட் கிளம்பியது, பாதி வழியில் நின்றது. தெருமுனையில் வேல்விழியின் நீல ரிப்பன்.

"என்ன சின்னான்?" என்று மைதானத்திலிருந்து அருள்குமார் சாரின் குரல்.

"என்னமோ தெரீலீங்க சார், பாக்கறனுங்க."

தண்டவாளத்தின் மேல், சக்கரத்துக்கு முன்னால், ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. சின்னான் மறுபக்கம் திரும்பி, ஒற்றைக் கால் செருப்போடு, தூணின் அடியில் குனிந்து மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.