மாதா வந்த அன்று எழுதிய சோதனை

எங்கள் மென்பொருள் கம்பனியில் கணினிக் கட்டமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்க ஒருவரைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலையைப் பதவி இல்லாமலே செய்துகொண்டிருப்பவள் நான். சேர்வர் விழுந்தால் எனக்குத்தான் அழைப்பு வரும். அதனால் மேலாளரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"நீங்க செய்வீங்க எண்டு எனக்குத் தெரியும். ஆனா மேல இருக்கிறவங்களுக்குக் காட்ட ஒண்டு வேணுமே. ஒரு க்ளவுட் சான்றிதழ் எடுங்க, இல்லாட்டி மாஸ்டர்ஸுக்குப் பதிஞ்சாலும் காணும். மாசக் கடைசிக்குள்ள எண்டா நல்லம்" என்றார்.

ஆலங்குடாவில் கடலுக்குக் கிட்ட இருக்கிற வீட்டிலிருந்துதான் அந்தக் கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே. மாஸ்டர்ஸ் என்றால் இரண்டு வருடம், சனி ஞாயிறு கொழும்பில் வகுப்பு. ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்த கையோடு பஸ் ஏறவேண்டும். என்னைவிட மிகவும் இளைய பிள்ளைகளோடு வாங்கில் இருந்து, நான் தினமும் செய்கிற வேலையை ஒருநாளும் செய்து பாராத ஒருவர் விளக்கக் கேட்கவேண்டும். சான்றிதழ் என்றால் சில வாரப் படிப்பு, வீட்டிலிருந்தே சோதனை. ஆனால் சில வருடங்களில் காலாவதியாகிவிடும், திரும்ப எழுதவேண்டும். பட்டம் கருவாடு, சான்றிதழ் பச்சை மீன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்ன பிறகும் எதை வாங்குவது என்று விளங்கவில்லை.

காலையில் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தைத் திறந்து பாதி நிரப்புவேன். மத்தியானம் அதை விட்டுவிட்டுச் சான்றிதழுக்கான காணொளிகளைப் பார்ப்பேன். இரவில் அதுவும் வேண்டாம் இதுவும் வேண்டாம் என்று படுத்து, ஒரு மணித்தியாலத்தில் எழும்பி மறுபடி திறப்பேன். "நீ சாப்பிடேக்க சோத்துக் கோப்பையையே பாக்கிறதில்ல மகள்" என்று அம்மா சொன்னார். அவர் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் சான்றிதழையே எடுப்பது என்று முடிவு கட்டினேன். அம்மாவைத் தனியே விடத் தேவையில்லை என்பது வெளியில் சொன்ன காரணம். சீக்கிரம் கிடைக்கும் என்பது உள்ளே இருந்த காரணம்.

சோதனையை மடிக்கணினியின் கமரா வழியாக வேறு ஏதோ நாட்டிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, கதைக்கக்கூடாது. எங்கள் வீட்டில் ஹோலில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். "அண்டைக்குப் பின்னேரம் ஒருத்தரையும் உள்ள விடாதீங்கோ அம்மா" என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்தேன். அந்த மாதம் எங்கள் தேவாலயப் பங்கில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும். மறுநாள் பின்னேரம் அயலவர்கள் பாடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே செபமாலை சொல்வார்கள். எங்கள் வீட்டு முறை சோதனைக்கு அடுத்த நாள். அதைக் கேட்டறிந்துதான் சோதனை நாளைப் பதிந்தேன்.

சோதனை நன்றாகவே போனது. பாதிக்கு மேல் வந்துவிட்டேன். தடுமாறவைத்த கேள்விகள் குறைவு. மனம் முதல்தடவையாக ஓரிடத்தில் நின்றது. அப்போது திரையின் மூலையில் என் முகம் தெரிகிற சின்னக் கட்டத்தில் ஏதோ அசைந்தது. என் தோளுக்குப் பின்னால் அம்மா மாதாவைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா, அவருக்குப் பின்னால் அயலில் உள்ள எல்லாரும். ஒரு சத்தமும் இல்லை. சுரூபத்தை மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக முழங்காலில் நின்றார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. மறு நிமிடம் திரை வெளுத்தது. அறையில் வேறு ஆட்கள் இருப்பதால் சோதனை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

"முடிஞ்சுதா மகள்?" என்று அம்மா ஆசையோடு கேட்டார்.

"நிப்பாட்டிப்போட்டாங்கள். ஒருத்தரையும் விடவேண்டாம் எண்டு சொன்னனான் எல்லோ?"

"ஓம், ஆக்களைத்தானே சொன்னனீ? மாதா உனக்குப் பின்னால நிக்கோணும் எண்டுதான் அக்காவிட்டக் கேட்டு நாளை மாத்தினனான். வந்த மாதாவ வாசல்ல விடுறதோ? நீ எழுதிறாய் எண்டுதான் பாட்டையும் கேற்றடியில நிப்பாட்டி, செருப்பையும் கழட்டிப்போட்டு வந்தனாங்கள்."

"நான்தான் தங்கச்சி என்ட நாளைத் தந்தனான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா, மெல்லிய குரலில்.

எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. ஆனால் வீடு நிறைய ஆட்கள் முழங்காலில் நிற்க, யாரைப் பார்த்துக் கத்துவது? மடிக்கணினியை மூடிவிட்டு நானும் அவர்களோடு முழங்காலிட்டேன்.

செபமாலை தொடங்கியது. வாய் அருள் நிறைந்த மரியே சொன்னது, மனம் கணக்குப் பார்த்தது. திரும்ப எழுத இரண்டு வாரம் காத்திருக்கவேண்டும், அதற்குள் மாதம் முடிந்துவிடும். மாஸ்டர்ஸ் விண்ணப்பமோ வெள்ளிவரை திறந்திருக்கிறது, பாதி நிரப்பியும் இருக்கிறது. இரண்டு வருடம் ஓடிவிடும். அம்மாவுக்குத் துணையாக இருக்கும்படி அக்காவிடம் சொல்லலாம். மூன்றாம் காரணிக்கத்தின் பத்து மணிகளுக்கு வரும்போது நான் மனதுக்குள் விண்ணப்பத்தை அனுப்பியே விட்டேன்.

முடிவில் மன்றாட்டுகள். அம்மா முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தார் போல, சோதனை குழம்பிப்போன பிறகும் அதை மாற்றவில்லை.

"என்ட மகள் சின்னனில இருந்து சோதனை எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஒண்டு முடிய இன்னொண்டு. இதுதான் அவளுக்குக் கடைசிச் சோதனையா இருக்கோணும், இனியாவது அவள் என்னோட இருந்து ஆறுதலாச் சாப்பிடோணும் எண்டு மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயந்தேன்.