காட்டேரியின் மணிக்கட்டு

என் மனைவியின் தம்பி ரத்தக்காட்டேரியாக நடித்தது தைப்பூச விரதத்தின்போது. மொரீஷியஸின் போர்ட் லூயியில் அவனோடு வேலை பார்த்த குமாஸ்தாக்கள் ஒரு பழைய கேமராவை வாங்கி, பேச்சில்லாத பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டு போட்ட காட்டேரி பஸ்ஸில் வந்து இறங்கி, அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணைக் கடிக்கும். விளக்கு வாங்க வசதியில்லை. மதிய இடைவேளையில், ஜன்னலோரம்தான் படப்பிடிப்பு.

கோயிலில் காவடி எடுப்பவர்கள் பட்டியல் என் பொறுப்பு. கொடியேறிய அன்று கட்டிய மஞ்சள் கயிற்றுக் காப்பு பத்து நாளும் மணிக்கட்டில் இருக்கவேண்டும், கவிச்சி கூடாது. தன் மகள் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்காக அந்த வருடம் மைத்துனனும் காவடி நேர்ந்திருந்தான்.

ஆறாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தவனின் காலரில் சிவப்புக் கறை.

"என்னடா இது?"

"ஏயோ அத்தான், சினிமா ரத்தம். பீட்ரூட் சாறு."

"உங்க ஆபீஸ் பக்கத்துல கோழிக்கடை இருக்கே?"

"கடலும்தான் பக்கத்துல இருக்கு. மீன் தின்னேன்னு சொல்வீங்களா?"

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எப்போதும் சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிடுகிறவன், அன்று மணிக்கட்டில் பித்தான் போட்டிருந்தான். கோட்டுக்கு மஞ்சள் கயிறு பொருந்தாதென்று கழற்றச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"கையைக் காட்டு."

அவன் முகம் மாறியது. "நம்பினா பார்க்க வேண்டியதில்ல. நம்பலேன்னா பார்த்தும் பிரயோசனமில்ல."

அவன் போனதும் டயரியில் அன்றைய விவரங்களோடு 'காப்பு இல்லை' என்றும் எழுதினேன். மறுநாள் பட்டியலில் அவன் பெயரை அடித்தேன். தைப்பூசத்தன்று மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தின் ஓரமாக நடந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதையும் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல், அவர்கள் அலுவலகக் கூடத்தின் ஜன்னல்களை அடைத்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினார்கள். காட்டேரி இரு கைகளையும் உயர்த்திப் பாய்ந்தது. கோட்டுக்கை சரிந்தது. மணிக்கட்டில் காப்பு.

"மிஸ்யே காட்டேரி! விரதத்துல கடிக்கலாமா?" என்று பின்னாலிருந்து யாரோ துரையைக் கூப்பிடுவதுபோலக் கத்த, கூடமே சிரித்தது.

என் பக்கத்தில் இருந்த மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்குச் சாறு கொட்டிக் காப்பு சிவந்துபோச்சு, அத்தான். காட்டியிருந்தா கோழி ரத்தம்னுதான் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து டயரியைப் புரட்டினேன். வெயில், அவன் வந்த நேரம், கறையின் அளவு எல்லாம் சரியாக இருந்தன. நான் பார்க்காத காப்பைப் பற்றி எழுதியது மட்டும் தவறு.

அடுத்த தைப்பூசத்துக்குப் புதுப் பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுதி எடுத்துப்போய்க் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அடிச்சிடுங்க, அத்தான். நான் நேர்ந்தது போன வருஷத்துக்கு."