அவர் தாடி வளர்த்த வருடம்

வயிற்றில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் செய்தபோது, என் வீட்டுக்காரர் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்தார். நான் பிழைத்து எழுந்தால், ஒரு வருடம் கத்தரி படாமல் தலைமுடியும் தாடியும் வளர்த்துக் கோவிலில் மொட்டை போடுவதாக.

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கறுப்பு பைக் ஒன்று வைத்திருந்தார். செக்காலை ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதே அதன் சத்தம் கேட்டுவிடும். நான் அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன்.

உடம்பு தேறிய பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் கீழச்சிவல்பட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அந்த பைக்கில் போவோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழுந்தவளுக்கு முகத்தில் காற்று படுவதே பெரிய சந்தோஷமாக இருந்தது. தையல் வலிக்கக் கூடாதென்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், "பிடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கும் அவருடைய முடி என் முகத்தில் வந்து விழும்.

நாலாவது மாதத்திலிருந்துதான் போலீஸ் நிறுத்த ஆரம்பித்தது. ஊர் எல்லையில் தடுப்பு வைத்திருப்பார்கள். கார்கள் போகும், ஸ்கூட்டர்கள் போகும். எங்களை மட்டும் கை காட்டுவார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தாலும் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வைப்பார்கள். நான் ஆபீசுக்குப் போகும் ஸ்கூட்டரை ஒரு நாளும் யாரும் நிறுத்தியதில்லை.

ஒருமுறை ஒரு போலீஸ்காரர் அவரை விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யாரும்மா இந்த ஆளு? தெரிஞ்சவரா?"

"எங்க வீட்டுக்காரவுக."

"நெசமாவா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "வாத்தியாரா? முதல்லயே சொல்லக் கூடாதா சார்" என்று உடனே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே இருந்தேன். "நேர்த்திக்கடன்னு சொல்லிருந்தா அப்பவே விட்டிருப்பாகல்ல? ஏன் சொல்ல மாட்டேங்குறீக?"

"சொன்னா என்னைய விட்டுருவாக. சும்மா ஆசைக்கு முடி வளத்தவன் என்னத்தச் சொல்லுவான்?" என்றார்.

அன்றிரவு சாப்பிட்டுவிட்டு போனில் எதையோ தேடிப் படித்தார். அமெரிக்காவில் சில மாநிலங்களில், பைக் ஓட்டுகிறவர் என்பதற்காகவும் அவர் உடுத்தியிருப்பதை வைத்தும் மட்டுமே போலீஸ் ஒருவரை நிறுத்தக் கூடாது என்று தனிச் சட்டமே இருக்கிறதாம். "நமக்கு அப்படி ஒண்ணு இருக்குதா?" என்று கேட்டேன். "பைக்குக்குன்னு தனியா எதுவும் என் கண்ணுல படலை. யூனிபார்ம்ல இருக்கவுக கேட்டா லைசென்சக் காட்டித்தான் ஆகணும். காட்டின பெறகும் ஏன் நிக்கணும்னுதான் கேக்கப் போறேன்" என்றார்.

ஒரு பக்கத்துக்கு மனு எழுதினார். அவருடைய கணக்குக் கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல். மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன்.

இன்ஸ்பெக்டர் முழுதும் படித்தார். "சந்தேகம் வந்தா நிறுத்தத்தானே சார் வேணும்?"

"நிறுத்துங்க. எதைப் பாத்து சந்தேகம் வருதுன்னுதான் கேக்குறேன்."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவருடைய தாடியைப் பார்த்தார். பிறகு, "உங்க வண்டி நம்பரக் குடுங்க. இனிமே உங்கள நிறுத்த வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார்.

"எனக்காகக் கேக்க வரலை சார். என்னையும் நிறுத்துங்க, கார்ல போறவுகளையும் நிறுத்துங்க. பேப்பர் சரியா இருந்தா உடனே அனுப்பிடுங்க."

எனக்கு அந்த இடத்தில் கோபம்தான் வந்தது. கேட்காமலே கிடைத்த நிம்மதியை வேண்டாம் என்கிறாரே என்று. இன்ஸ்பெக்டர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். டீ வரவழைத்தார்.

அடுத்த ஞாயிறு எங்களை நிறுத்தினார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் காரும் நின்றது. "என்னையவா நிறுத்துறீக?" என்று அதிலிருந்தவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காகிதங்களைப் பார்த்த போலீஸ்காரர் ஒரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். ஹெல்மெட்டுக்குள் என் வீட்டுக்காரர் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. ஒன்றரை மாதம் போல அப்படி நடந்தது. அப்புறம் அந்த இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வந்தது. கார்கள் மறுபடியும் நிற்காமல் போயின. நாங்கள் மறுபடியும் நின்றோம். அவர் இன்னொரு மனு எழுதினார். அதற்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

வருடம் முடிந்து வேளாங்கண்ணிக்கு பஸ்ஸில் போனோம். மொட்டை போட்டுச் சந்தனம் தடவிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, கூட்டத்தில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு அதே பைக், அதே ரோடு. ஒருவரும் எங்களை நிறுத்தவில்லை.

இப்போது பிள்ளைகளோடு காரில்தான் அக்கா வீட்டுக்குப் போகிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டுக்கொள்கிறோம். அந்த வருடத்தில் அழுததும் உண்டு. ஆனாலும், பள்ளம் வருவதற்கு முன்னால் "பிடிச்சுக்க" என்று அவர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக இன்னொரு தடவை வெயிலில் நிற்கச் சொன்னாலும் நிற்பேன்.